காவோலையும் மைக்கும்

ஒரு குறும்படத்துக்கு ஃபோலி எடுத்துக்கொண்டிருக்கிறன். படத்தை ஓடவிட்டு, அதைப் பார்த்தபடியே காலடி, உடுப்பு, கைபடுற சாமான் எல்லாத்துக்கும் புதுசாச் சத்தம் செய்து பதியிற வேலை. 1929இல் ‘ஷோ போட்’ படத்துக்கு ஹொலிவூட்டில் இப்பிடிச் செய்த ஜாக் ஃபோலியின்ர பேர்தான் நிலைச்சிட்டுது.

எலும்பு முறியிற சத்தத்துக்கு ஹொலிவூட்காரர் செலரித் தண்டை முறிப்பினம். கொடிகாமத்தில செலரிக்கு எங்க போறது? முருங்கைக் கொப்பு நல்லா முறியுது. நெருப்புக்குக் காவோலையை மைக்குக்குக் கிட்டப் பிடிச்சு மெல்லக் கசக்கினால் போதும். உண்மையான நெருப்பைப் பதிஞ்சால் வெறும் இரைச்சல்தான் வரும். பொய்தான் இங்க நம்பும்படியா இருக்கு.

செக்கனுக்கு 24 பிரேம். ஒரு பிரேம் ஏறக்குறைய 42 மில்லிசெக்கன். காலடி ரெண்டு மூண்டு பிரேம் பிந்தினாலே கண் பிடிச்சிடும்.

எதிரொலிக்காமல் இருக்க அறைச் சுவரில மெத்தையும் பழைய சாறமும் தொங்குது. பதியேக்க ஃபேன் போடேலாது, வேர்த்து ஊத்தும். ஏ9 வீதி பஸ்ஸும் யாழ்தேவியும் அடங்கினாப் பிறகுதான் வேலை. ஆந்தைக்கு மட்டும் ஒண்டும் சொல்லேலாது.

ஆனால் படத்தில வாற தட்டிவானுக்கு ஃபோலி சரிவராது. பலகையும் எஞ்சினும் சேர்ந்து போடுற அந்தச் சத்தத்தை அறைக்குள்ள செய்யேலாது. பருத்தித்துறை - கொடிகாமம் வீதியில ஓடின தட்டிவான் ஆரிட்டயும் ஓடுற நிலையில இருந்தால் உள்பெட்டியில சொல்லுங்கோ. மைக்கோட வாறன்.