தரங்கம்பாடிக் கரையில் தூண்டில்

தரங்கம்பாடி என்றவுடன் சரித்திரம் படித்தவர்களுக்கு, 1620-ஆம் ஆண்டில் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை நினைவுக்கு வரும். தமிழ் அச்சுக்கலையில் ஆர்வமுள்ளவர்களுக்கு, 1706-இல் இங்கே வந்திறங்கிய சீகன்பால்கு பாதிரியார் நினைவுக்கு வருவார். மயிலாடுதுறையிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் இவ்விரண்டு ஞாபகங்களுக்கும் உரிய மரியாதையைச் செலுத்திவிட்டு, பொழுது சாயும் முன்பே திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் பஸ் ஏறும் அந்த வேளையில்தான் கடற்கரையில் தூண்டில்காரர்கள் வந்து சேருகிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

ஆடம்பரமான கருவி எதுவும் அவர்களிடம் இல்லை. ஒரு கட்டையில் சுற்றிய தங்கூசி நரம்பு, நுனியில் ஈயக்குண்டு, அதற்குச் சற்று மேலே இரண்டு முட்கள், அவ்வளவுதான். படகேறும் வயதைக் கடந்த முதியவர்களும், பள்ளிவிட்டு ஓடிவரும் சிறுவர்களுமே பெரும்பாலும் வருவார்கள். அன்றிரவு வீட்டில் குழம்பு கொதிப்பதும் கொதியாததும் அந்த நரம்பைப் பொறுத்தது. ஆகையால் இதைப் பொழுதுபோக்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பட்டணத்து நண்பர்கள், "எந்த இரைக்கு மீன் அதிகம் விழும்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கேள்வியே தலைகீழ். வேளை தவறினால் எந்த இரையும் பயன்படாது. வேளை வாய்த்தால் சுமாரான இரையும் போதும். மீன் கரைக்கு வருவது நம்மைப் பார்க்கவா? ஏறிவரும் நீர் மணலைக் கிளறும்போது அதில் ஒளிந்திருக்கும் புழுவும் நண்டும் வெளிப்படுகின்றன. அவற்றைத் தின்னவே வருகிறது. நீர் ஏறும் நேரமும் வெளிச்சம் மங்கும் நேரமும் ஒன்றாகக் கூடினால், அதுவே உத்தமமான முகூர்த்தம்.

இந்த முகூர்த்தத்திற்குப் பஞ்சாங்கமே வழிகாட்டி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இக்கரையில் பிற்பகலில் நீர் வற்றி, அந்தியில் ஏறத் தொடங்கி, இரவின் முற்பகுதியில் உச்சத்தை அடைகிறது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிக்கொண்டே போவதால், அஷ்டமி வரும்போது கணக்கு மாறி, அந்தியில் நீர் இறங்கிக்கொண்டிருக்கும். ஏற்றத்தின் வேகமும் குறைந்துவிடும். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் கடல் 10 மீட்டர் வரை ஏறி இறங்குவதைப் பார்த்தவர்கள், ஒரு மீட்டர்கூட எட்டாத நம் ஏற்றத்தைக் கண்டு சிரிக்கலாம். மீன்கள் சிரிப்பதில்லை. ஒரு முழம் நீர் கூடினாலும், முன்பு எட்டாத மணல் அவற்றிற்கு எட்டிவிடுகிறதே!

விடியற்காலையும் நல்ல வேளைதான். இரவெல்லாம் நிலத்திலிருந்து வீசிய காற்று அலையைத் தட்டையாக்கியிருக்கும். சிறு மீன்களைத் துரத்திக்கொண்டு பாறை மீன் கரையோரம் வரும். நடுப்பகலோ வீண். அப்போது முள்ளில் சிக்குவது பெரும்பாலும் பேத்தை ஒன்றுதான். இரையைத் திருடும், நரம்பைக் கடித்து அறுக்கும், வெளியே இழுத்தால் கோபக்கார மாமனாரைப் போல் உப்பிக்கொள்ளும். அதன் விஷம் எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. குழந்தைகளை அதைத் தொட்டு விளையாடவும் விடக்கூடாது.

அடுத்தது, எங்கே எறிவது? புதிதாக வருகிறவர், கையில் வலுவுள்ள மட்டும் தூரமாய் வீசி மீனைத் தாண்டிவிடுகிறார். முதலில் சற்று நின்று அலையைப் பார்க்க வேண்டும். அலை வெண்மையாய் உடையும் இடத்தில் மணல்திட்டு இருக்கிறது. அதற்கும் கரைக்கும் நடுவே நீர் கறுத்து அமைதியாய்த் தெரிந்தால் அங்கே பள்ளம். மீன் உலாவும் வீதி அந்தப் பள்ளம்தான்.

இனி இரைக்கு வருவோம். அலை வழிந்து இறங்கும் ஈரமணலில் காலை ஊன்றி நின்றால், கொட்டைப்பாக்கு அளவில் ஒரு சிறு நண்டு பின்புறமாகவே மணலுக்குள் புகுவதைக் காணலாம். கைவிரலால் தோண்டி எடுத்துவிடலாம். காசில்லாத இரை, இதைவிடச் சிறந்ததும் இல்லை. அந்தக் கரையில் மீன் தேடி வரும் உணவே அதுவல்லவா? கிழங்கானுக்கு வாய் சிறிது. சிறு முள்ளில் உப்பனாற்றுச் சேற்றுப் புழுவையோ பொடி இறாலையோ கோத்துவிட வேண்டும். காலா மீன் கலங்கிய நீரிலும் மார்புத் துடுப்பின் கீழுள்ள இழைகளால் தடவி இரையை அறியும், அதற்கு இறால். கொடுவாவுக்குச் செத்த இரை பிடிப்பதில்லை. ஆற்று முகத்தில் நீர் வடியும்போது உயிருள்ள சிறு மடவையை விட்டுக் காத்திருக்க வேண்டும். மடவையைத் தூண்டிலில் பிடிக்க நினைப்பவர் ஏமாறுவார். பாசியும் வண்டலும் தின்னும் அதற்கு வீச்சு வலையே தகும்.

ஐப்பசி, கார்த்திகையில் மழைவெள்ளம் ஆற்று வாயை அகலத் திறக்கும்போது கெளிறு மிகுதி. அதன் முள் குத்தினால் கை இரண்டு நாள் வேலைக்கு ஆகாது. அம்மாதங்களில் இழுப்பும் பொல்லாதது. முழங்காலுக்கு மேல் நீரில் இறங்குவது துணிச்சலில் சேராது.

கரையில் ஒரு பெரியவரிடம், "கோயில் பக்கம் ஏன் ஒருவரும் தூண்டில் போடுவதில்லை?" என்று கேட்டேன்.

"அங்கே மணல் எங்கே இருக்கிறது, வாத்தியாரையா? கல்லுக்குள்ளே நண்டு தோண்ட முடியுமா?" என்றார்.

மாசிலாமணிநாதர் கோயில், பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில், 1306-இல் எழுந்தது. அதன் முன்பகுதியைக் கடல் விழுங்கிவிட்டது. எஞ்சியதைக் காப்பாற்றக் கரையில் பாறைகளைக் கொட்டியிருக்கிறார்கள். கோயில் நிற்க வேண்டும் என்பதில் யாருக்குத்தான் ஆட்சேபம்? ஆனால் 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை இவ்வூரைச் சூறையாடியது முதல், கடலுக்கு எதிராகக் கல் ஒன்றே மருந்து என்ற எண்ணம் நம் கடற்கரையெங்கும் பரவிவிட்டது. பாறையில் மோதும் அலை, அடியிலுள்ள மணலை வாரிக்கொண்டு போகிறது. மணலோடு நண்டும், நண்டோடு கிழங்கானும் போகின்றன. திட்டம் வரைகிறவர்களின் கணக்கில் இந்த நஷ்டம் எந்தப் பத்தியிலும் ஏறுவதில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை இருக்கிறது. அப்போது சந்தையில் மீன் அருகிவிடும். கரைத் தூண்டிலுக்குத் தடை இல்லாததால் பெரியவரின் கூடைக்கு மதிப்பு ஏறும். சென்ற வைகாசிப் பௌர்ணமி அந்தியில் அதில் பதினோரு கிழங்கான்கள் கிடந்தன. விரல் நீளமுள்ள இரண்டை மட்டும், சிறுவர்கள் முணுமுணுத்ததைப் பொருட்படுத்தாமல், முள்ளைக் கழற்றி அலையில் விட்டுவிட்டார்.