பன்னிரண்டு புளியங்கொட்டை

எங்க காலேஜ் காமர்ஸ் டிபார்ட்மென்ட்டில் சனிக்கிழமை மதியம் ஒரு க்ளாஸ் நடக்குது. அட்டெண்டன்ஸ் கிடையாது, பரீட்சை கிடையாது. அப்படியும் பெஞ்ச் நிறையுதுன்னா காரணம் இருக்கு. மேடம் பாடம் நடத்துறதில்லை, விளையாட விடுறாங்க!

அன்னிக்கு அவங்க கையில் ஒரு டப்பா புளியங்கொட்டை. "ஒரு கொட்டை ஆயிரம் ரூபாய். 12 கொட்டை கடன் தர்றேன். வருஷத்துக்கு 10 பெர்சென்ட், ஃப்ளாட் ரேட். 12 டியூ. யாருக்கு வேணும்?"

பைக் கனவிலேயே வாழுற பாட்டனி பையன் ஒருத்தன் முந்திக்கிட்டான். 12,000 ரூபாய்க்கு வட்டி 1,200. ஆக, மாசம் அசல் 1,000, வட்டி 100. "பத்து பெர்சென்ட்தானே, ஜுஜுபி!"ன்னு பின் பெஞ்சிலிருந்து சவுண்டு வேற.

மேடம் மாசத்தை எண்ண எண்ண, ஒரு கொட்டையும் வட்டிக்கு ஒரு சாக்பீஸ் துண்டும் அவங்க மேஜைக்குத் திரும்பிப் போகுது. ஆறாவது டியூ முடிஞ்சதும் நிறுத்தினாங்க.

"இப்ப உன் கையில எத்தனை?"

"ஆறு மேடம்."

"அடுத்த மாசம் எத்தனை கொட்டைக்கு வட்டி கட்டப்போற?"

மேஜையைப் பார்த்தான், கையைப் பார்த்தான். "பன்னிரண்டுக்கு மேடம்..."

க்ளாஸ் கப்சிப். கடைசி மாசம் கையில் ஒத்தைக் கொட்டை, சாக்பீஸ் மட்டும் அதே சைஸ்! மிச்சமிருக்கிற அசலுக்கு மட்டும் வட்டின்னு கணக்குப் போட்டா, அந்த 10 பெர்சென்ட் கிட்டத்தட்ட 18. செமஸ்டருக்கு வட்டிக் கணக்கு போட்டுத் தள்ளின பி.காம். மக்களே வாயடைச்சுப் போனாங்க. இதையே போர்டில் ஃபார்முலாவா எழுதியிருந்தா பாதிப் பேர் தூங்கியிருப்போம்.

2024 அக்டோபர் 1-லிருந்து புதுசா தர்ற சில்லறைக் கடன்களுக்கு, கட்டணமெல்லாம் சேர்த்து உண்மையான வருஷ வட்டி எவ்வளவுன்னு வங்கியும் நிதி நிறுவனமும் ஒரு தாளில் எழுதித் தரணும்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. அதுக்குப் பேரு ஏ.பி.ஆர். வண்டி லோனுக்குப் போறவங்க கூச்சப்படாம கேளுங்க. ஆனா, தெருமுனை ஃபைனான்ஸ்காரர்கிட்ட தாளுக்கு எங்கே போறது?

அந்த வாரமே ஊருக்குப் போய் அம்மா முன்னாடி புளியங்கொட்டையைப் பரப்பினேன். என் ரெண்டாம் வருஷ ஃபீஸே அப்படி ஒரு ஃப்ளாட் ரேட் கடன்தான். ஆறாவது கொட்டை வரைக்கும் பொறுமையா பார்த்தாங்க.

"இது எனக்குத் தெரியாதாடா? பேங்க்ல அடுத்த வாரம் வா, அடுத்த வாரம் வான்னாங்க. ஃபீஸ் கட்ட நாலு நாள்தான் இருந்துச்சு. இவரு சாயங்காலமே பணத்தைக் கொடுத்துட்டாரு."

எனக்குப் பேச்சு வரலை. அம்மாவே கொட்டைகளைத் திரட்டி, மூணை மட்டும் தனியா வெச்சாங்க.

"இன்னும் மூணு டியூ இருக்கு. சீட்டுப் பணம் வந்ததும் மொத்தமா கட்டிட்டா வட்டியைக் குறைச்சுப்பாரா? எப்படிப் பேசணும்னு உங்க மேடத்தைக் கேட்டுட்டு வா."

வர்ற சனிக்கிழமை முதல் பெஞ்ச் எனக்குத்தான்.