பறவைக் குரலைப் படிக்கும் கணனி

ஐக்கிய அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில், கயூகா ஏரியின் தென்முனையில் இருக்கிறது இத்தாக்கா என்னும் சிறிய நகரம். அந்த ஏரிக்கரைப் பூங்காவில் 1929 மே மாதம், கோர்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்தர் அலனும் குழுவினரும் பேசும்படக் கருவியைக் கொண்டு காட்டுப் பறவைகளின் குரலைப் பதிவு செய்தனர்.

நகரின் ஓரத்தில், குளமும் நடைபாதைகளுமாக விரிகிறது சப்சக்கர் காடு. கோர்னெல் பறவையியல் ஆய்வுகூடம் இங்கேதான் உள்ளது. அன்று தொடங்கிய ஒலிச் சேமிப்பு இன்று கணனிக்குப் பாடப்புத்தகமாகியிருக்கிறது.

கணனி எப்படிப் படிக்கிறது? முதலில் குரலைப் படமாக மாற்றுகிறார்கள். இடமிருந்து வலமாக நேரம். கீழிருந்து மேலாகச் சுருதி. ஒவ்வொரு பறவையின் கூவலும் துணியில் இட்ட தனித்தனிப் பூவேலை போலத் தெரியும். தாய் படப்புத்தகத்தைக் காட்டி, "இது காகம், இது கிளி" என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல, விபரம் அறிந்தவர்கள் அப்படங்களுக்குப் பெயரிட்டுக் கணனியைப் பழக்கினார்கள். 2021 இல் இவ்வசதி மேர்லின் என்ற செயலி மூலம் கையடக்கத் தொலைபேசிக்கும் வந்தது.

இது வெறும் பொழுதுபோக்கல்ல, சகோதரிகளே! அமெரிக்காவிலும் கனடாவிலும் 1970 இலிருந்து ஏறத்தாழ 300 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டதாக 2019 இல் வெளியான ஆய்வொன்று கூறியது. அடர்ந்த காட்டில் பறவையைக் காண்பதைவிடக் கேட்பதே அதிகம். எஞ்சியவற்றைக் கணக்கெடுக்க, இரவு பகலாக விழித்திருக்கும் ஒரு காது தேவை.

ஆயினும் கணனியின் விடை ஊகமே. பிற பறவைகளின் குரலில் பாடும் மொக்கிங் பறவை அதனை ஏமாற்றிவிடக்கூடும். தொலைபேசி பெயரைச் சொன்னாலும், நிமிர்ந்து மரக்கிளையைப் பார்த்து உறுதி செய்வதே நல்லது.