இரண்டு மணிக்குத் திறந்த புட்டி

பிற்பகல் இரண்டு மணிக்குக் கீழ்வீட்டில் தக்கை பிடுங்கும் சத்தம் கேட்டால், அன்று ராத்திரி கறி உண்டு என்று அர்த்தம். இத்தாலியின் பியமோந்தே மாநிலத்தில், லா மொர்ரா என்ற மலையூரில், மாடி அறை ஒன்றில் ஒரு குளிர்காலம் குடியிருந்தேன். வீட்டுக்காரருக்கு எழுபது தாண்டியிருந்தது. சாப்பாடு எட்டு மணிக்கு. பரோலோ ஒயினைத் திறப்பது இரண்டு மணிக்கு.

முதல் நாள், திறந்த கையோடு எனக்கு ஒரு வாய் ஊற்றிக் கொடுத்தார். கொட்டைப்பாக்கைக் கடித்த மாதிரி ஈறு இழுத்துப் பிடித்தது. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக வைத்த மொழிக்காரன்தான் நான். ஆனாலும் இவ்வளவு துவர்ப்பை எதிர்பார்க்கவில்லை. நிறமோ வெளிர் சிவப்பு. நெபியோலோ திராட்சை அப்படித்தான்: சாயம் குறைவு, துவர்ப்பைத் தரும் டானின் அதிகம். 38 மாதம் வைத்திருந்து, அதில் 18 மாதமாவது மரப்பீப்பாயில் கிடந்த பிறகுதான் பரோலோ என்று விற்கச் சட்டம் விடுகிறது. அதற்குப் பிறகும் இந்த முறுக்கு.

மீதியை அடி அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றினார். தக்கையை எடுத்து வைத்தால் போதாதா என்று கேட்டேன். புட்டியின் வாயைக் காட்டினார். காசளவு வட்டம், காற்று படுவது அவ்வளவுதான். குடுவையிலோ ஒரு தட்டளவுக்குப் பரந்து கிடந்தது.

முதலில் தீக்குச்சி உரசின நெடி போனது. அது கந்தகச் சேர்மங்களின் வேலை. ஆறு மணிக்குக் காய்ந்த ரோஜா வந்தது, அதற்கடியில் தார். ஆமாம், ரோடு போடுகிற தார். சின்ன வயதில் எங்கள் தெருவில் தார் காய்ச்சியபோது, அம்மா கூப்பிடக் கூப்பிட அந்த டிரம் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன். எட்டு மணிக்குக் கிளாஸைத் தூக்கியபோது அந்தத் தெருதான் முன்னால் வந்தது. துவர்ப்பு எங்கும் போய்விடவில்லை. வாசனை விரிய விரிய அது பின்னுக்கு நகர்ந்திருந்தது.

காற்றில் வைப்பதால் வாசனை மங்கத்தான் செய்யும், வண்டல் இருந்தால் மட்டும், அதுவும் பரிமாறும் நேரத்தில் இறுத்து ஊற்றுங்கள் என்று வாதாடியவர் பிரான்சில் போர்தோவின் எமில் பெய்னோ. பெரிய ஒயின் நிபுணர். இளம் பரோலோ விஷயத்தில் நான் என் நாக்கைத்தான் நம்புவேன். பழைய ஒயினில் அவர் சொன்னது எவ்வளவு சரி என்பதை மட்டும் ஒருநாள் பட்டுத் தெரிந்துகொண்டேன். வீட்டுக்காரர் பக்கத்து ஊரான ஆல்பாவுக்குப் போயிருந்தார். ராத்திரிக்கென்று 1964 புட்டி ஒன்றை முந்தின நாளே நிமிர்த்தி வைத்திருந்தார். உதவி செய்கிறோம் என்று நினைத்து, இரண்டு மணிக்கு அதைக் குடுவையில் ஊற்றிவிட்டேன். அவர் வரும்போது ரோஜா இல்லை. புளிப்பு மட்டும் மெலிந்து நின்றது. அத்தனை வருஷம் காத்ததை ஒரு பிற்பகலில் தீர்த்துவிட்டேன். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் கிளாஸைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

நெபியா என்றால் அங்கே மூடுபனி. நெபியோலோ திராட்சைக்கு அதிலிருந்துதான் பெயர் வந்தது என்பார்கள். அறுவடைக் காலத்தில் பள்ளத்தாக்கு முழுக்க அது படுத்துக் கிடக்கும். நான் இருந்த மாதங்களில் ஜன்னல்வரை ஏறி வரும்.

நான் ஊர் திரும்புவதற்கு முந்தின நாளும் அப்படித்தான், எதிர்மலை தெரியவில்லை. பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தேன். தக்கைச் சத்தம் கேட்டது. மணியைப் பார்த்தேன், பன்னிரண்டுகூட ஆகவில்லை.