மறைக்க முடியாத ஊர்

மணப்பாறைக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்து 32 ஆண்டுகள் ஆகின்றன. வந்த புதிதில் என் மாமியார் கூறிய முதல் அறிவுரை சமையலைப் பற்றியதன்று. "இந்த ஊரில் எதையும் மறைக்காதே, அம்மா. மறைத்தால் பெரிதாகிவிடும்" என்றார். திருச்சி நகரில் பிறந்து வளர்ந்த எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. இரண்டே வாரத்தில் உண்மை விளங்கிற்று. காலையில் எங்கள் வீட்டில் யாரேனும் இருமினால், மாலையில் காய்கறிக்காரம்மாள் நான் கேட்காமலேயே தூதுவளைக் கீரையை எடுத்து வைத்திருப்பார்.

என் இளைய மகன் எட்டாம் வகுப்பில் படித்தபோது கணக்குத் தேர்வில் நூற்றுக்கு 18 வாங்கினான். பள்ளி விட்டு, சிரித்த முகத்துடன், "இன்னும் தாள் கொடுக்கவில்லை, அம்மா" என்றபடி உள்ளே நுழைந்தான். பாவம், அதற்குள் பால்காரர் வந்து, "அடுத்த முறை வாங்கிவிடுவான், அடிக்காதீர்கள்" என்று சமாதானம் செய்துவிட்டுப் போயிருந்தார். எதிர்வீட்டுத் தையற்காரர் ஒருபடி மேலே போய், எந்தக் கணக்கு தவறிற்று என்பதையும் கூறியிருந்தார்.

என் கணவருக்குச் சர்க்கரை நோய் வந்த பிறகு அவர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. வீட்டில் இல்லாத இனிப்பை வெளியில் தேடிக் கடைத்தெருவுக்குப் போவார். தேநீர்க் கடைக்காரரோ, "அக்கா சொல்லியிருக்கிறார்கள், உங்களுக்குச் சர்க்கரை கிடையாது" என்று கண்டிப்பாகக் கூறிவிடுவார். நான் ஒரே ஒரு கடையில்தான் சொல்லி வைத்தேன். மற்றக் கடைகளுக்கு ஊரே சொல்லிவிட்டது. "எனக்கு வீட்டுக்காவல் போதாதென்று ஊர்க்காவலும் போட்டுவிட்டாய்" என்று அவர் முணுமுணுப்பது இன்றுவரை ஓயவில்லை.

இனி, முறுக்கு. எங்கள் ஊரை மாட்டுச் சந்தையால் அறிந்தோர் பலர்; முறுக்கால் அறிந்தோர் அதனினும் பலர். அரிசி மாவில் எள்ளும் ஓமமும் சேர்த்துப் பிழிந்து, பாதி வெந்ததும் எடுத்து ஆறவிட்டு, மறுபடியும் எண்ணெயிலிட்டுப் பொரிப்பார்கள். எங்கள் ஊர்த் தண்ணீரில் உள்ள இலேசான உப்புத்தன்மைதான் அச்சுவைக்குக் காரணம் என்பார்கள் பெரியவர்கள். 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் அம்முறுக்கினால் இவ்வூர் இல்லத்தரசிகள் படும் பாட்டுக்கு யாரும் குறியீடு வழங்கவில்லையே! ஊர், திருச்சிக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே இருப்புப்பாதையின்மேல் அமைந்துவிட்டது. ஆகவே தொடர்வண்டியில் இவ்வழியே செல்லும் உறவினர் எவரும், "வண்டி திருச்சியைத் தாண்டிவிட்டது, நான்கு பொட்டலம் கொண்டு வா" என்று கைப்பேசியில் ஆணையிடுவார்கள். வண்டி நிற்பதோ இரண்டொரு நிமிடம். எந்தப் பெட்டி என்பது அவர்களுக்கே தெளிவாகத் தெரியாது. நான் ஒரு முனையிலிருந்தும், என் கணவர் மறுமுனையிலிருந்தும் ஓடி வருவோம். குளிரூட்டிய பெட்டியானால் இன்னும் விசேடம், சன்னல் திறவாது. சின்ன மாமனார் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து, தொட்டி மீனைப் போல வாயைத் திறந்து மூடிக் கையை ஆட்டுவார்.

இவற்றையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதிவிடலாம். மூத்த மகளைப் பற்றி அவ்வாறு எழுத இயலவில்லை. கல்லூரிக் காலத்தில் ஒருநாள் அவள் பேருந்து நிலையத்தில் உடன் படிக்கும் மாணவன் ஒருவனிடம் பேசிக்கொண்டு நின்றாள். அவள் வீடு சேர்வதற்குள் மூவர் வந்து போயினர். முதல்வர் பத்து நிமிடம் என்றார். அடுத்தவர் அரைமணி என்றார். மூன்றாமவர் வாயில் அவர்கள் சேர்ந்து பழச்சாறும் அருந்தியிருந்தனர். அவள் கேட்டது செய்முறைத் தேர்வின் தேதியை. நான் மூவரிடமும் அதைச் சொன்னேன், நம்பியவர் எவருமில்லை. மறுமாதம் பெண் பார்க்க வருவதாக இருந்த ஒரு குடும்பம் வரவேயில்லை. காரணத்தை அவர்கள் கூறவில்லை, கடைத்தெரு கூறிற்று.

"என்னை யாருக்கும் தெரியாத ஓர் ஊரில் கொஞ்ச காலம் இருக்க வேண்டும், அம்மா" என்றாள். படிப்பு முடிந்ததும் சென்னையில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். தடுக்க எனக்கு நா எழவில்லை. "நான் எப்போது போகிறேன், எப்போது வருகிறேன் என்று இங்கே ஒருவரும் கேட்பதில்லை. அதுவே பெரிய ஓய்வு" என்று அவள் சொன்னபோது அவளுடைய குரலிலேயே ஒரு மலர்ச்சி இருந்தது.

சென்ற மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. அறைத்தோழி ஊருக்குச் சென்றிருந்தாள். மூன்று நாள் பூட்டிய அறைக்குள் ரொட்டியும் தண்ணீருமாகக் கிடந்திருக்கிறாள். என்னிடம், "வேலை அதிகம், பிறகு பேசுகிறேன்" என்று மட்டும் சொல்லி வந்தாள். நான்காம் நாள் குரல் காட்டிக்கொடுத்துவிட்டது. இரவுப் பேருந்தில் ஓடினேன். விடுதியில் எதிரறைப் பெண் மிக நல்லவள். உடனே ஆட்டோ பிடித்து வந்தாள், மருத்துவமனைக்கும் கூடவே வந்தாள். ஆனால் என் மகளின் பெயர் என்ன என்பதை அவள் என்னிடம்தான் கேட்டறிந்தாள்.

உடல் தேறியதும் ஊருக்கு வந்துவிடும்படி அழைத்தேன், மறுத்துவிட்டாள். அவள் பக்கம் நியாயம் இருந்ததால்தான் எனக்கு வருத்தம் அதிகம். இருமலுக்குத் தூதுவளை எடுத்து வைக்கும் அதே ஊர்தான் அவளுடைய பேச்சுக்குக் கண்ணும் காதும் மூக்கும் வைத்தது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விலக்க வழியுண்டா? கடைத்தெருவில் நாலுபேரிடம் இதை எடுத்துச் சொல்லியும் பார்த்தேன். "நம்ம பிள்ளை என்றுதானே அக்கா பார்க்கிறோம்" என்றார்கள். அதுவும் பொய்யன்று.

போன மாதம் தோழியின் திருமணத்துக்கு மதுரை செல்லும் வழியில், வழக்கமான ஆணை மகளிடமிருந்தே வந்தது: "ஐந்து பொட்டலம், அம்மா. பெட்டி எண் சரியாகச் சொல்கிறேன்." சரியாகவே சொன்னாள். வாசலில் நின்று பொட்டலங்களை வாங்கிக்கொண்டு, என் கையில் ஓர் உறையைத் திணித்தாள். பிரித்தால், முழங்காலுக்கு அணியும் பட்டை.

"படியேற முடியவில்லையாமே! என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"உனக்கு யாரடி சொன்னது?"

வண்டி நகர்ந்துவிட்டது. "மருந்துக் கடை அண்ணன்! வாரந்தோறும் அவரிடம் கேட்டுவிடுவேன்!" என்று அங்கிருந்தே கத்தினாள்.

நான் பட்டையைப் பைக்குள் மறைத்துக்கொண்டு திரும்பினேன். நடைமேடையில் முறுக்கு விற்பவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "நொச்சி இலை ஒத்தடம் கொடுத்துப் பாருங்கள், அக்கா, இடது கால்தானே?" என்றார்.