ஃபெட்டா, கேனனெட்டா? திபிலிசி சந்தையில் பார்த்தது

ஜார்ஜியத் தலைநகர் திபிலிசியில் இருக்கிறது 'ட்ரை பிரிட்ஜ்' சந்தை. சோவியத் ஒன்றியம் உடைந்து வயிற்றுப்பாடே திண்டாட்டமானபோது, ஜனங்கள் வீட்டுச் சாமான்களை இங்கே விரித்து விற்றார்கள். இன்றும் பதக்கங்களுக்கும் பீங்கான் கோப்பைகளுக்கும் நடுவே கேமராக்கள் கிடக்கின்றன. என் தோளில் ஜப்பானிய கேனனெட் க்யூஎல்17. கூடவே ஒரு சோவியத் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா வாங்கலாமா என்று பார்க்கத்தான் வந்தேன்.

முதலில் கண்ணை இழுத்தது தங்க நிற 'லைக்கா'. லென்ஸைக் கழற்றி உள்ளே பார்த்தேன். ரேஞ்ச்ஃபைண்டரை இயக்கும் நெம்புகோலின் நுனியில், அசல் லைக்காவில் சின்ன உருளை இருக்கும். இதிலோ ஆப்பு வடிவத் துண்டு. சோவியத் கேமராக்களான ஃபெட் அல்லது ஸோர்க்கியின் உடம்பில் லைக்கா பெயரைப் பொறித்திருக்கிறார்கள். வைத்துவிட்டு நகர்ந்தேன்.

அடுத்து ஸோர்க்கி-4. மாஸ்கோவை ஒட்டிய கிராஸ்னகோர்ஸ்க் ஆலையில் 1956 முதல் 1973 வரை லட்சக்கணக்கில் தயாரானது. பின்மூடியைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். ஷட்டர் திரையில் இரண்டு ஊசித்துளை வெளிச்சம். ரப்பர் பூசிய துணித் திரை அது. லென்ஸை மூடாமல் சூரியனை நோக்கி வைத்தால், குவிந்த வெயில் துணியைப் பொசுக்கிவிடும். அப்புறம் படங்களில் புள்ளி விழும். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

பக்கத்து விரிப்பில் ஃபெட்-2. கார்கிவ் நகரத்தில், வீடற்ற சிறுவர்களுக்காகக் கல்வியாளர் மகரென்கோ நடத்திய கம்யூனில் 1930-களில் பிறந்த பெயர் ஃபெட். விற்பவர் பெரியவர். குமிழை முழுதாகத் திருகி ஷட்டரைத் தயார்ப்படுத்திவிட்டு, அதன் பிறகே ஷட்டர் வேகத்தை மாற்றிக் காட்டினார். அந்த வரிசை தப்பினால் உள்ளே பழுதாகலாம். தெரிந்தவர் கையிலிருந்த கேமரா என்று அதிலேயே புரிந்தது. திரையில் துளை இல்லை. 1/30-க்கும் 1/500-க்கும் சத்தம் தெளிவாக வேறுபட்டது. ரேஞ்ச்ஃபைண்டரின் இரண்டு ஜன்னல்களுக்கும் இடைவெளி 67 மி.மீ., ஸோர்க்கி-4-இல் 38தான். இடைவெளி கூடினால் ஃபோகஸ் துல்லியமும் கூடும். எதிர்வீட்டு ஜன்னல் கம்பியின் இரட்டை பிம்பம், லென்ஸைத் திருப்பத் திருப்ப நெருங்கி ஒன்றாகச் சேர்ந்தது. அந்த நொடியிலேயே வாங்குவதென்று தீர்மானித்துவிட்டேன்.

அதற்காகக் கேனனெட்டைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1972-இல் வந்த ஜி-III மாடலின் 40 மி.மீ. எஃப்/1.7 லென்ஸ் மங்கிய வெளிச்சத்திலும் கைகொடுக்கும். ஃபிலிம் ஏற்ற, அதன் முனையை வைத்து மூடினால் போதும். ஷட்டர் சத்தம் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. ஆனால் லென்ஸை மாற்ற முடியாது. ஒளிமானிக்கு வேண்டிய 1.35 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது வருவதில்லை. மாற்று ஏற்பாடு தேவை. பேட்டரி இல்லாமலும் கையால் அளவு வைத்துப் படம் எடுக்கலாம் என்பது ஆறுதல். யாஷிகா எலக்ட்ரோ 35 கேமராவில் அந்த வசதியும் இல்லை. பேட்டரி தீர்ந்தால் 1/500 ஷட்டர் வேகம் ஒன்றுதான்.

ஃபெட்-2-க்குப் பேட்டரியே கிடையாது, ஒளிமானியும் கிடையாது. வெளிச்சத்தை நாமே கணக்கிட வேண்டும். திருகு லென்ஸ் என்பதால் பிறகு ஜூப்பிட்டர்-8 லென்ஸ் வாங்கிப் பொருத்தலாம்.

முதல் ஃபிலிம் கேமரா வாங்குகிறவர்களுக்குக் கேனனெட்தான் சரி. ஒளியைக் கணிக்கப் பழகியவர்கள் ஃபெட்-2-ஐத் தேடிப் போகலாம். எதை வாங்கினாலும், ஒரு ரோல் எடுத்துக் கழுவிப் பார்த்துவிட்டு, அப்புறம் கல்யாணத்துக்கோ பயணத்துக்கோ எடுத்துப் போங்கள்.