மோட்டார் சைக்கிளும் தர்தீபும்

மதரஸாவில் மீஸான் ஓதாத மாணவனிடம் எவரும் பைளாவியைக் கொடுப்பதில்லை. கல்லூரியில் கால் வைத்த பிள்ளைக்கோ 350 சி.சி. புல்லட்டை வாங்கிக் கொடுத்துவிடுகிறோம்.

நாம் பழகியது டி.வி.எஸ். 50. 1980-இல் ஓசூரில் பிறந்த வண்டியாயினும், 1911-இல் மதுரையில் தொழில் தொடங்கிய நிறுவனத்தாருடையது. நம்மூருக்கு அதில் ஒரு பெருமை உண்டு. கியர் கிடையாது. பிரேக்கும் பார்வையுமே பாடம். அறுவடைக் காலத்தில் மேலூர்ப் பக்கத்துச் சாலைகளில் பரப்பிய வைக்கோல்மீது சக்கரம் வழுக்குவதை அதில்தான் அறிந்தோம். பின்னர் 100 சி.சி. வண்டியில் கிளட்சும் கியரும் கைவந்தன. நாற்பதைக் கடந்த பிறகே ஒரு பழைய புல்லட்டில் ஏறினோம். அதில் கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில்! வேறு வண்டியில் பழகிய கால், அவசரத்தில் பிரேக்கென்று கியரை மிதித்துவிடும்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் பதினாறு வயதில் 50 சி.சி.க்கு மேற்படாத வண்டியையே அனுமதிக்கிறது; மற்றவற்றுக்குப் பதினெட்டு நிறைய வேண்டும்.

அத்தாவை இழந்த நம் சகோதரி மகன், “இராவுத்தர் என்றால் குதிரை வீரர்தானே மாமு, எனக்கு மொபட்டா?” என்கிறான். குதிரை வீரரும் மட்டக்குதிரையில் பழகியிருப்பார் என்றோம். ஓராண்டு சிறுவண்டி, தலைக்கவசம், பிறகு பார்க்கலாம் என்பது நம் முடிவு. அவன் பயணத் துஆ ஓதிக் கிளம்பும்போதெல்லாம் சகோதரி தெருமுனை வரை பார்த்து நிற்கிறார்.